பிளக்காமல் விட்ட ஒன்று

லாரிக்காரர் என்னையும் அண்ணியையும் பன்னிரண்டு காலிச் சாக்குகளையும் இறக்கிவிட்டு, திருப்ப இடம் தேடக்கூட நிற்காமல் வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மதியம் மூன்று மணி. மழை விட்டிருந்தது. அண்ணி சாவியை எடுத்துக் காட்டோர வீட்டின் கதவைத் திறந்தார். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. ஈர மண் வாசனை, எலிப் புழுக்கை வாசனை, அதற்கும் அடியில் கருகிய சாக்கின் வாசனை.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருந்த இடம் கறுப்புச் சதுரமாகக் கிடந்தது. சுற்றிலும் புல் இடுப்புயரம் வளர்ந்திருக்க, அதற்குள் மட்டும் ஒரு முளைகூட இல்லை. என் அண்ணன் செத்த இடம். பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. காலில் சேறு ஒட்டியிருக்கிறதே, கழுவ வேண்டும் என்றுதான் தோன்றியது.

எங்கள் தொழில் காளான் பொறுக்குவது. தின்கிற காளான் இல்லை. பட்டுப்போன மரங்களில் குதிரைக் குளம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு, கட்டையாய் இறுகிப் போயிருக்கும் காளான். அதை அறுத்துக் காயவைத்தால், உள்ளே இருக்கும் பழுப்புப் பஞ்சில் சக்கிமுக்கிக் கல்லின் ஒரு பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். சுடர் வராது. புகையும் பேருக்குத்தான். கங்கு உள்ளுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மலையேறப் போகிறவர்கள் தீ மூட்ட வாங்குவார்கள். அண்ணன் மரமேறி அறுப்பான். அண்ணி காயவைப்பார். சாக்குக்கு ஒன்று எடுத்துப் பற்றவைத்துச் சோதிப்பது என் வேலை.

அண்ணன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். சோதித்த காளானை இரண்டாகப் பிளக்க வேண்டும். தண்ணீரில் முக்க வேண்டும். பிறகு இரண்டு பாதியின் நடுவிலும் கட்டைவிரலை அழுத்தி, சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"வெளியில அணைஞ்ச மாதிரி நடிக்கும். நம்பிடாத," என்பான்.

என் விரல் நுனிகள் மரத்துப்போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. சுட்டுச் சுட்டுத் தோல் தடித்து, கடைசியில் ஊசியால் குத்தினாலும் தெரியாமல் போயிற்று. சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவான் என்று நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்றைக்குச் சோதித்தது இரண்டு கையளவு பெரிய காளான். அறுக்கும்போது கத்தி வழுக்கி, அதன் முதுகில் பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்தது. அவ்வளவு நல்ல காளானைப் பிளக்க எனக்கு மனம் வரவில்லை. பொறி பட்ட இடத்தைச் சுரண்டிவிட்டு விரலை அழுத்திப் பார்த்தேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கில் போட்டுக் கொட்டகையில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணன், மழைச் சாரலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் பகல் தூக்கம் போட்டான். எழுந்திருக்கவே இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி, "பீடி குடிப்பாரா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.

அண்ணி என் பக்கத்தில்தான் நின்றார். கல்யாணத்தன்று அண்ணியிடம் சத்தியம் செய்து பீடியை விட்டவன் அண்ணன். பதினோரு வருடம் தொட்டதில்லை. என் ஒரு வார்த்தைக்குப் பிறகு அண்ணி அவனுக்காக அழவில்லை. அவன் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் அடியில் போட்டுவிட்டார். "என்னை ஏமாத்திட்டுப் போயிட்டாரு," என்பதைத் தவிர அவனைப் பற்றி வேறு பேச்சே இல்லை.

வந்த மறுநாள் ஒரு சாக்குக் காளான் சேர்ந்தது. பின்னறையில் கொட்டிக் காயவைத்தோம். அதற்கடுத்த நாள் விடிந்ததும் அண்ணி அங்கிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, நல்ல காளானை எதுக்குப் பொளந்து வெச்சிருக்க?"

"நான் தொடவே இல்லண்ணி."

"அப்ப எலி பொளந்துச்சா? கத்தி புடிக்கத் தெரிஞ்ச எலியா?"

ஜன்னல் விளிம்பில் இரண்டு பாதிகள் இருந்தன. தண்ணீர் சொட்டியது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கட்டைவிரல் அழுந்திய பள்ளம். என் விரலை அதற்குள் வைத்துப் பார்த்தேன். பள்ளம் பாதிகூட நிரம்பவில்லை.

மறுநாள் ஐந்து காளான் பிளந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் பதினொன்று. அண்ணி என்னைத் திட்டவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார் போல. வீட்டிலிருந்த இரண்டு கத்திகளையும் எடுத்துத் தன்னோடேயே வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கத்திகள் இரண்டும் எங்களுக்கு நடுவில் தரையில் கிடந்தன.

டக்.

பின்னறையில்.

டக்.

கத்தியை வைத்துக் கட்டையால் இரண்டு தட்டு. அண்ணன் எதையும் இரண்டே தட்டில்தான் பிளப்பான்.

வாய்க்குப் போன அண்ணியின் கை பாதியில் நின்றது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாரு உள்ள?"

நான் எழுந்தேன். பயந்தேனா என்றால் இல்லை. தட்டைக் கழுவப் போகிற மாதிரித்தான் போனேன். அதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கதவைத் தள்ளியதும் கருகிய சாக்கின் நெடி முகத்தில் அடித்தது. காலிச் சாக்கு, அண்ணன் மடிக்கிற மாதிரி நான்காக மடித்து மூலையில் வைக்கப்பட்டிருந்தது. தரை முழுக்கப் பாதிகள். ஜோடி ஜோடியாக, ஈரமாக, நடுவில் விரல் அழுந்தி. அந்த வரிசை அறையைக் கடந்து, பக்கத்து அறையில் நான் படுக்கிற பாய் வரைக்கும் போயிற்று.

பாயின் மேல் ஒரு காளான்.

பிளக்காதது.

முதுகில் பிறைக் கீறல்.

எட்டு மாதத்துக்கு முன்பே சாம்பலாகிப் போனது.

மண்டி போட்டு உட்கார்ந்தேன். கட்டைவிரலை அதன் நடுவில் வைத்து அழுத்தினேன்.

சுட்டது.

இரண்டு வருடமாக எதையும் அறியாத விரல். எலும்பு வரைக்கும் சுட்டது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. என் நகத்தின் மேல் இன்னொரு விரல் இருந்து அழுத்திக்கொண்டிருந்தது. அகலமான விரல்.

நான் கத்திய கத்தலில் அண்ணி ஓடி வந்தார். விரல் விடுபட்டது. அங்கேயே, அந்தப் பாதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னேன். பீடி இல்லை, காளான். நான் பிளக்காமல் சாக்கில் போட்டது. மறந்துவிட்டேன்.

அண்ணி காலடியில் கிடந்த ஒரு பாதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவரு பீடி குடிக்கலையா?"

"இல்லண்ணி."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

அண்ணி பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தார். கையாலேயே துடைத்தார். மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அழுதார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் அந்தப் பெரிய காளானை அவரே பிளந்து, வாளித் தண்ணீரில் முக்கி, இரண்டு பாதியையும் அழுத்திப் பார்த்தார்.

"அணைஞ்சிருச்சு," என்றார். "மறதிதானேம்மா. யாருக்கும் வரும்."

நான் தலையாட்டினேன். விரல் மரத்திருந்ததையும், அது எனக்குத் தெரிந்தே இருந்ததையும் சொல்லவில்லை. மறதியை மன்னிக்கலாம். மற்றதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு காளான் எதுவும் பிளந்து கிடக்கவில்லை. சாக்குகள் நிறைகின்றன. படம் சுவரில் தொங்குகிறது. அண்ணி அதனோடு பேசவும் ஆரம்பித்துவிட்டார். விரல் பழையபடி மரத்துவிட்டது. தினமும் காலையில் எழும்போது மட்டும் என் நெஞ்சுக்குழி ஈரமாக இருக்கிறது. அதன் நடுவில், சாம்பல் நிறத்தில், அகலமான ஒரு கட்டைவிரல் தடம். அண்ணி விழிக்கும் முன்பே கழுவிவிடுவேன்.

இன்று எழுந்திருக்க நேரமாகிவிட்டது. கண் திறந்தபோது அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது, நெஞ்சில? கரியா?" என்று கேட்டபடியே அந்தத் தடத்தின் மேல் விரலை வைத்தார்.

வைத்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனி கொப்புளித்திருந்தது.

எனக்கு ஒரு சூடும் தெரியவில்லை.