பாதியில் விட்ட ஜடை

தையல் மெஷின் திடீரென்று இறுகிக்கொண்டது. சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தும் அசையவில்லை. நூல் சிக்கியிருக்கும் என்று நினைத்துத் தையல்காரம்மா ஊசிக்குக் கீழே இருந்த தகட்டைத் தள்ளி, பாபினை வெளியே எடுத்தாள். மதியம் சாப்பிட்ட கையோடு அதில் வெள்ளை நூல் சுற்றி வைத்தவளே அவள்தான். இப்போது அதில் சுற்றியிருந்தது முடி.

நுனியைப் பிடித்து இழுத்தாள். கறுப்பாக, நீளமாக, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்ன பாபினில் இவ்வளவு எப்படி அடங்கியது என்று கேட்கத் தோன்றுவதற்குள் மடியில் ஒரு குவியல் சேர்ந்து, புடவை நனைந்து தொடையில் ஒட்டியது. மூக்குக்குக் கொண்டுபோகாமலே வாசனை தெரிந்தது. பெரிய மகள் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய். அதற்கும் அடியில், ஆற்றுச் சேறு.

அந்த வீட்டில் அப்படிப்பட்ட முடி யாருக்கும் கிடையாது. அவள் கணவருக்கு எண்ணி எடுத்துவிடலாம், அவ்வளவு வழுக்கை. அவளுக்குக் கழுத்தோடு நின்றுபோன நரை. சின்னவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெரியவள் ஆற்றில் தவறி விழுந்து செத்துப்போனாள்.

தவறி விழுந்தாள் என்பது வெளியே சொல்வதற்கு. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன பெண்ணை அப்பனும் சித்தப்பனும் என்ன செய்தார்கள் என்று உறவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். வழிபாட்டுக்குப் போன இடத்தில் ஒரு பெரியவர் அவள் கணவரின் தோளைத் தட்டி, குடும்ப மானத்தைக் காப்பதும் கடவுளுக்குச் செய்கிற கடமைதான் என்றார். எந்தக் கடவுள் வந்து இவரிடம் கேட்டாராம்? அதை அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. நாத்தனார் மட்டும் தையல்காரம்மாவைத் தனியே இழுத்து, "அழாதீங்க அண்ணி. நீங்க அழுதா நாம தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடும்" என்றாள். அவளும் அழவில்லை.

அழுவதற்கு அவளுக்கு ஏது உரிமை? அன்றைக்குப் போன் செய்து கூப்பிட்டதே அவள்தானே.

"அப்பாவுக்குக் கோபமெல்லாம் போயிடுச்சு, வாம்மா" என்று கணவர் சொல்லச் சொன்னார், சொன்னாள். நாங்கள் வரும் வரைக்கும் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிரு என்றார், உட்கார வைத்தாள். வெறுமனே பேச வாய் வராமல், சீப்பை எடுத்துக்கொண்டு மகளுக்குத் தலை சீவத் தொடங்கினாள். பெரியவள் சின்னப் பிள்ளை மாதிரி அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அம்மாவுக்கென்று வாங்கி வந்த நூல்கண்டுகளின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தாள். ஜடை பாதி பின்னியிருக்கும்போது வாசலில் வேன் வந்து நின்றது. பாதி ஜடையோடுதான் கூட்டிப் போனார்கள். பிறகு முகத்தைக்கூடக் காட்டவில்லை, மூடியே அடக்கம் செய்தார்கள்.

இன்றைக்குக் காலையில் கணவர் மறுபடியும் அவளெதிரே வந்து நின்றார். சின்னவள் யாரோ ஒரு பையனோடு சுற்றுவதைக் கொழுந்தன் பார்த்துவிட்டானாம்.

"போன் பண்ணி வரச் சொல்லு. கோபம் இல்லேன்னு சொல்லு. நாங்க வர்ற வரைக்கும் உட்கார வச்சுப் பேசிட்டிரு."

அதே வார்த்தைகள், ஓர் எழுத்து மாறாமல். ஆனாலும் போன் செய்தாள். இந்தத் தடவை அதட்டி விட்டுவிடுவார்கள், பெற்றவர்தானே, இருப்பது இவள் ஒருத்திதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சின்னவள் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. இருட்டுகிற நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று. மடியிலிருந்த முடியை உதறிவிட்டு மெழுகுவர்த்தி தேடலாம் என்று அவள் எழப்போனபோது, கொல்லைக் கதவு மெதுவாகத் திறந்தது. ஈரக் கால்கள் சமையலறைத் தரையில் சப் சப் என்று ஒட்டிப் பிரியும் சத்தம், பாத்திர அலமாரியைத் தாண்டி, தண்ணீர்க் குடத்தைத் தாண்டி, நேராக அவளிடம் வந்தது. உருவம் ஒன்று அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தது.

"வந்துட்டியாடி? நனைஞ்சிட்டியே" என்றாள்.

"தலை பின்னி விடும்மா."

சளி பிடித்த குரல். மழையில் நனைந்தால் அப்படித்தான் இருக்கும். தையல்காரம்மா இருட்டிலேயே முடியைக் கையில் வாங்கினாள். ஏற்கெனவே பாதி பின்னியிருந்தது. விட்ட இடத்திலிருந்து அவள் விரல்கள் தாமாகவே தொடர்ந்தன, மூன்று கால், ஒன்றின் மேல் ஒன்று. ஈரம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. கண்ணும் நிறைந்துவிட்டது. போதும், ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதும். அவள் குனிந்து அந்தக் காதோரம் சொன்னாள்.

"எழுந்து ஓடிடு கண்ணு. கொல்லை வழியா போயிடு. அப்பாவும் சித்தப்பாவும் உன்னைச் சும்மா விடமாட்டாங்க. நான் சொன்னது பொய்."

தலை அசையவில்லை.

"காதுல விழலையா? ஓடுடி!"

அசையவில்லை. விரல்கள் மட்டும் பின்னிக்கொண்டே இருந்தன. ஜடை இடுப்பைத் தாண்டியிருந்தது, தரையைத் தொட்டிருந்தது, இன்னும் முடி மிச்சமிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்கா செத்த வாரமே சின்னவள் தன் முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டுவிட்டாள்.

மெஷின் மேலிருந்த போன் அடித்தது. திரையில் சின்னவளின் படம். தையல்காரம்மா இடது கையால் எடுத்தாள். வலது கையால் ஜடையை விட முடியவில்லை.

"அம்மா, ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு. பஸ் பாதி வழியிலேயே நிக்குது. நான் இறங்கி நடந்து வந்துடவா?"

"வராதே."

"என்னம்மா?"

"வராதே. திரும்பிப் போ. அப்பா கூப்பிட்டாலும் வராதே, நானே கூப்பிட்டாலும் வராதே. நான் செத்துட்டேன்னு சொன்னாலும் வந்துடாதேடி. உன் அக்காவை இப்படித்தான் கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு விசும்பல். போன் அணைந்தது.

இருட்டு. மழை. எண்ணெய் வாசனை. சேறு.

முழங்கால்களுக்கு நடுவே இருந்த தலை லேசாகச் சாய்ந்து அவள் தொடையில் பதிந்தது. குளிர்ந்து கிடந்தது. கோபமே இல்லாத குரலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை சந்தேகம் கேட்பதுபோல, அது கேட்டது.

"அவகிட்ட சொல்லிட்டே. அன்னைக்கு எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

தையல்காரம்மா வாயைத் திறந்தாள். பயந்தேன் என்றால் அது பதிலாகுமா? இத்தனை மாதமாகத் தேக்கி வைத்த அழுகை பீறிட்டு வந்தது. அந்த ஈரத் தலையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "என் தங்கமே, என் தங்கமே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். பயம் போகவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டே கடைசிப் பின்னலையும் போட்டு, அறுந்த நூல் ஒன்றைத் தேடி எடுத்து, நுனியில் முடிச்சுப் போட்டாள்.

ஜடை முடிந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. நான்கு செருப்புகள். சன்னல் கம்பிகளில் டார்ச் வெளிச்சம் ஏறி இறங்கியது.

"ஏய்" என்று கணவரின் குரல். "வந்துட்டாளா?"

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டா" என்றாள். "உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கா. உள்ளே வாங்க."

தாழ்ப்பாள் விலகியது. அவள் மடியிலிருந்த தலை, அவள் பக்கம் அல்ல, கதவுப் பக்கம் மெல்லத் திரும்பியது.