பூஜ்யம் நம்பர் கரடி

"பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான். பதிமூணாவது கரடி இந்த உலகத்துலயே இருக்கக் கூடாது. என் கண் முன்னாடி வெட்டுங்க."

இப்படிச் சொன்னவர், தையல் அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. கரடி பொம்மைகளைத் தொடுவதற்கென்றே வாங்கிய கையுறையாம்.

"கடிச்சிடும்னு பயம் போல," என்று சித்தி பஞ்சு அடைத்துக்கொண்டே பட்டாசின் காதோடு சொன்னாள்.

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பட்டாசு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சட்டென்று கோபம் வந்துவிடும். "நான் எப்ப வெடிச்சேன்? சொல்லுங்க, எப்ப வெடிச்சேன்?" என்று கேட்கும்போதே வெடிப்பாள். அப்புறம் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவளுடைய அம்மா கரடி பொம்மை செய்கிறவள். கடையில் குவித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இல்லை. பெரியவர்கள் தேடி வந்து வாங்கிச் சேகரிக்கிற கரடிகள். ஒவ்வொரு கரடியையும் அம்மாவே யோசித்து, தாளில் வரைந்து, அழித்து, மறுபடி வரைவாள். பிறகு தலை, காது, வயிறு, கை, கால் என்று தனித்தனியாக அட்டையில் வெட்டிக்கொள்வாள். அதுதான் பேட்டர்ன். ரோமத் துணியின் பின்பக்கம் அட்டையை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, வெட்டித் தைத்தால் கரடி.

ஒரு பேட்டர்னில் பன்னிரண்டு கரடிதான். ஒன்று முதல் பன்னிரண்டு வரை, பாதத்தில் சிவப்பு நூலால் நம்பர் தைத்திருக்கும். பன்னிரண்டாவது முடிந்ததும் அட்டைகளை வெட்டிப் போட்டுவிட வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அம்மா கொடுக்கும் வாக்கு அது.

பன்னிரண்டாம் நம்பரை வாங்க வந்தவர்தான் இந்தக் கையுறைக்காரர். கரடியை வாங்கினோம், போனோம் என்று இல்லாமல், அட்டை வெட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

அம்மா பெரிய கத்திரிக்கோலை எடுத்தாள். தலை அட்டை இரண்டானது. வயிறு இரண்டானது.

"அந்தக் காது முழுசா இருக்கு பாருங்க," என்று கையுறைக்காரர் விரலை நீட்டினார். "காதையும் வெட்டுங்க."

"என் காதும் வேணுமான்னு கேளு சித்தி," என்று பட்டாசு முணுமுணுத்தாள். அந்த மூக்கு சரியாக வருவதற்கு அம்மா எத்தனை தடவை அழித்து வரைந்தாள் என்று இவருக்குத் தெரியுமா? எவ்வளவு சுலபமாக வெட்டு வெட்டு என்கிறார்!

கோபத்தில் அவள் தன் இடுப்பில் இடுக்கியிருந்ததை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அதுதான் வினையாகிவிட்டது.

"அது என்ன?"

கையுறைக்காரர் எழுந்தே விட்டார்.

"இதுவா? போய்வா," என்றாள் பட்டாசு.

"என்னது, போய்ட்டு வரணுமா?"

"இல்ல சார். இவன் பேரு போய்வா."

போய்வாவின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். புதுப் பேட்டர்ன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அம்மா முதலில் ஒரு பழைய கம்பளித் துணியில் ஒரு கரடி தைத்துப் பார்த்தாள். "கால் மட்டும் நான் வெட்டறேன்" என்று பட்டாசு அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். ஒரு காலுக்குக் கோடு போட்டதும் அட்டையைத் திருப்பிப் போட்டு மறு காலுக்குக் கோடு போட வேண்டும். அவள் திருப்ப மறந்துவிட்டாள். இரண்டுமே இடது காலாகிவிட்டது! தைத்து உடம்பில் மாட்டிப் பார்த்தால், ஒரு பாதம் முன்னால் பார்க்கிறது, இன்னொன்று பின்னால் பார்க்கிறது.

"இது வருதா, போகுதா?" என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி வந்த பெயர்தான் போய்வா.

அன்றிலிருந்து அவன் பட்டாசு கூடத்தான் தூங்குகிறான்.

கையுறைக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு போய்வாவின் காலைத் திருப்பினார்.

"ஆஹா! ரெண்டும் இடது கால்! தப்பா தைச்ச கரடி! இந்த மாதிரி தப்புக்குத்தான் சேகரிக்கறவங்க அலையறாங்க. பாப்பா, இதையும் குடு. இதையும் கட்டிடுங்கம்மா."

பாப்பாவாம்! இதையாம்! கட்டிடணுமாம்!

"கையை எடுங்க சார்! இவன் என் கரடி!"

"அது விக்கறதுக்கு இல்ல சார்," என்றாள் அம்மா. "சோதனைக்குத் தைச்சது. அவளோடது."

கையுறைக்காரரின் சிரிப்பு போய்விட்டது.

"விக்க மாட்டீங்களா? அப்ப பிரிச்சிடுங்க."

"என்னது?"

"தையலைப் பிரிச்சுப் போட்டுடுங்க. பன்னிரண்டுன்னு சொல்லித்தானே வித்தீங்க? இது பதிமூணு. மத்தப் பதினொண்ணை வாங்கினவங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க. நாளைக்கு அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்? அந்த அம்மா சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணுன்னா?"

அம்மாவின் முகம் வாடிப்போனது. அவள் வாக்குத் தவறி யாரும் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கை போய்விட்டால் அவளிடம் கரடி வாங்க யார் வருவார்கள்?

அவள் பட்டாசை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"கண்ணு, அவர் கேக்கறதுல கொஞ்சம் நியாயம் இருக்குடா. நம்பர் போடாம ஒண்ணு வீட்டுல இருக்குன்னா, பாக்கறவங்க சந்தேகப்படத்தான் செய்வாங்க. உனக்கு வேற தைச்சுத் தரட்டுமா? இதைவிட அழகா, ரெண்டு காலும் சரியா?"

"எனக்கு சரியா வேண்டாம்! எனக்கு இவன்தான் வேணும்!" பட்டாசு வெடித்தாள். "அவர் வீட்டுக்குப் போய் அவர் நாற்காலியைப் பிரிங்கன்னு நாம சொல்றோமா?"

வெளியே சித்திக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை.

"நீ வேண்டாம்னா நான் அவனைத் தொட மாட்டேன்," என்றாள் அம்மா. "ஆனா அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அம்மா வெளியே போய்விட்டாள். பட்டாசு அங்கே இருந்த வெட்டுமேசைக்கு அடியில் புகுந்து, துணித் துண்டுகளுக்கு நடுவில் போய்வாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன்னைப் பிரிக்கணுமாம்டா. நீ என்ன தப்பு பண்ணினே? காலைத் தப்பா வெட்டினது நான். உனக்கு எதுக்குத் தண்டனை?"

அவள் போய்வாவைப் புரட்டிப் பார்த்தாள். அவனுடைய இரண்டு பாதங்களும் வெறுமையாக இருந்தன. மற்றவர்களுக்கெல்லாம் நம்பர் இருக்கிறது. இவனுக்குத்தான் இல்லை. இவன் ஒன்றாம் நம்பருக்கும் முன்னால் பிறந்தவன். ஒன்றுக்கு முன்னால்...

"சித்தி! சிவப்பு நூல் எங்க?" என்று கத்திக்கொண்டே பட்டாசு எழுந்தாள். மேசை தலையில் இடித்தது. தேய்த்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

நேரே கையுறைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். இவன் கரடியா, கரடி இல்லையா?"

"இது என்ன கேள்வி? கரடிதான்."

"கரடின்னா பதிமூணு ஆயிடுது. பதிமூணாவது இருக்கவே கூடாதுன்னு சொன்ன நீங்களே எப்படி விலைக்குக் கேட்டீங்க?"

கையுறைக்காரர் தொண்டையைச் செருமினார். "சரி, இது சோதனைத் துணி. கரடின்னு சொல்ல முடியாது."

"கரடி இல்லைன்னா எதுக்குப் பிரிக்கணும்? அந்த மூலையில சோபா மெத்தை கூட இருக்கு. அதைப் பிரிக்கச் சொல்வீங்களா?"

"அதைப் பிரிச்சா நல்லதுதான், உள்ளே என் ஊசி ஒண்ணு தொலைஞ்சு போயிருக்கு," என்றாள் சித்தி.

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றாள் அம்மா.

கையுறைக்காரர் விடவில்லை. "பாப்பா, பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே! நம்பர் இல்லாத கரடியை எந்தக் கணக்குல சேர்க்கறது?"

"நம்பர் போட்டுடலாம் சார்."

"பதிமூணா?" அவர் குரல் கீச்சென்றது.

"பூஜ்யம்."

சித்தியின் கையில் இருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"ஒண்ணுக்கு முன்னாடி பிறந்தவன் சார். அதனால பூஜ்யம். பன்னிரண்டோட பூஜ்யத்தைக் கூட்டுங்க. எவ்வளவு?"

அவர் உதடுகள் அசைந்தன. நிஜமாகவே கூட்டிப் பார்த்தார். "பன்னிரண்டு."

"கழிச்சா?"

"பன்னிரண்டு."

"அவ்வளவுதான்! இவன் இருந்தாலும் பன்னிரண்டு, இல்லைன்னாலும் பன்னிரண்டு. அப்புறம் எதுக்கு இவனைப் பிரிக்கணும்?"

கையுறைக்காரர் விரல் விட்டு மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"வாங்கினவங்க எல்லார்கிட்டயும் நானே இதைச் சொல்லிடறேன் சார்," என்றாள் அம்மா. அவள் குரலில் இப்போது தெம்பு வந்திருந்தது. "எங்க வீட்டுல பூஜ்யம் நம்பர் ஒண்ணு இருக்கு, ரெண்டும் இடது கால்னு. ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?"

கையுறைக்காரர் கடைசியாக, "பொண்ணு கணக்குல கெட்டிக்காரி போல," என்றார்.

"போன பரீட்சையில நாற்பதுதான்," என்றாள் சித்தி.

"சித்தி!"

அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டாசு சிவப்பு நூலைக் கோத்து, போய்வாவின் பின்னால் பார்க்கும் பாதத்தில் பூஜ்யம் தைத்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது. பூஜ்யம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. ஆனாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

"உங்க கரடிக்கு என்ன பேரு சார்?" என்று தைத்துக்கொண்டே கேட்டாள்.

"பேரா? பன்னிரண்டு."

"அது நம்பர். பேரு?"

"கண்ணாடி அலமாரியில உக்காரப்போற பொம்மைக்குப் பேரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டை மெல்லிய தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

"பெட்டிக்குள்ள மூச்சு முட்டாது?" என்று பட்டாசு அன்று ராத்திரி சாப்பிடும்வரை பொருமிக்கொண்டே இருந்தாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு சாயங்காலம், அதே மனிதர் அதே பெட்டியோடு வந்து நின்றார். கையுறையைக் காணோம்.

"அது வந்து... ஒரு சின்ன ரிப்பேர்," என்றார். "தையல் சரியில்ல போல."

அம்மாவின் தையலைச் சரியில்லை என்பதா! பட்டாசு பாய்ந்து வந்து பெட்டியைத் திறந்தாள். பன்னிரண்டின் இடது கை, அக்குளில் தையல் விட்டு, பஞ்சு எட்டிப் பார்த்தது.

"எப்படி ஆச்சு சார்?"

"எங்க வீட்டுப் பூனை..."

"பூனை இழுத்தா ரோமம் பிய்ஞ்சிருக்கும். ஒரு முடி போகல." அவள் கரடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். "வயித்துல ரோமமெல்லாம் ஒரு பக்கமாப் படிஞ்சிருக்கு. கன்னத்துலயும் படிஞ்சிருக்கு. கண்ணாடி அலமாரிக்குள்ள சும்மா உக்காந்திருக்கற கரடிக்கு எப்படி சார் கன்னம் படியும்?"

கையுறைக்காரர் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். சித்தி அவசரமாகப் பஞ்சுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அலமாரியைத் துடைக்கறதுக்காக ஒரு நாள் வெளியே எடுத்து வச்சேன்," என்றார் மெதுவாக. "திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"அன்னிலேர்ந்தா?"

"அன்னிலேர்ந்து."

"ஒத்தைக் கையைப் பிடிச்சுத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. அதான் அக்குள் விட்டிருக்கு!" பட்டாசுக்கு இன்னும் கோபம். "உங்க ஒத்தைக் கையைப் பிடிச்சு யாராவது மாடிக்கும் கீழேயும் தூக்கிட்டுப் போனா உங்களுக்கு வலிக்காது?"

"வலிக்கும்," என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தையல் போட்டுக் கொடுத்தாள். பட்டாசு போய்வாவை எடுத்து, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை அடிப்பக்கத்துக்கும் கொடுத்து எப்படித் தூக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டார். ஒரு தடவை செய்தும் பார்த்தார்.

"பேரு வச்சீங்களா?"

"ம்."

"என்ன?"

"அது எங்களுக்குள்ள," என்று சொல்லிவிட்டு அவர் வேகமாகப் படி இறங்கினார்.

"பெட்டியை விட்டுட்டுப் போறாரே!" என்று சித்தி எழுந்தாள்.

பட்டாசு அதற்குள் ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். கீழே தெருவில், பன்னிரண்டு ஒரு கையில் தொங்கிக்கொண்டு போனது.

"சார்! இப்பத்தானே சொன்னேன்! ரெண்டு கையாலயும்!"

அவர் நின்றார். யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு முதுகுக்கு ஒரு கை, அடிப்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்து, கரடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.