மாவில் பதிந்த கால்

தகரக் கொட்டகையின் அடியில் வாலு தள்ளிவிட்ட பிஸ்கட் பாதியாகத் திரும்பி வந்தது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தையல்காரி அதைக் கண்ணால் பார்த்தாள். சிமெண்டுத் தரைக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த மகள் வாலு அந்தப் பாதியை எடுத்து வாயில் வைக்கப் போனாள். தையல்காரி ஓடிவந்து பிடுங்கினாள். கடித்த இடத்தில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. வாலுவுக்கு அந்த இரண்டு பல்லும் போன வாரம்தான் விழுந்திருந்தன.

யார் கடித்தது என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கிற பாப்பா" என்றாள் வாலு.

கொட்டகை பூட்டியிருந்தது. சாவி தையல்காரியின் இடுப்பில். திறந்து பார்த்தால் தையல் மெஷின், துணி மூட்டைகள், வெயிலில் வெந்த தகரத்தின் துருவாடை, வேறொன்றும் இல்லை. எலிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தின்ற மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிற எலி எந்த உலகத்தில் இருக்கிறது என்று மனசு கேட்டது. அதை அதட்டி உட்காரவைத்தாள். இந்த வீட்டுக்கு வந்ததே புதிது. தைக்கத் தனியாக ஒரு கொட்டகை இருக்கிறது என்ற ஒரே ஆசையில் அவள்தான் பிடிவாதம் பிடித்து வந்தாள். லாரியோடு எங்கோ போயிருக்கும் கணவனிடம் போனில் இதைச் சொன்னால், அந்த மனிதர் சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவார்.

அதற்குப் பிறகு மெஷினை நிறுத்தும்போதெல்லாம், சக்கரம் சுற்றி ஓய்ந்த அந்த நொடியில், துணி மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ அதுவரை விட்டுக்கொண்டிருந்த மூச்சைச் சட்டென்று அடக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. புதுத்துணியின் கஞ்சி வாசனைக்கு அடியில் குழந்தைத் தலையின் வியர்வை வாடை அடித்தது. வாலுவோ பொழுதன்றைக்கும் வெளியே தரையில் குப்புறப்படுத்து, இடைவெளியில் வாயை வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

ஒரு நாள் தலை வாரிவிடும்போது வாலு சாதாரணமாகச் சொன்னாள்: "நான் பாப்பாகூடப் போயிடுவேம்மா. அவளுக்கு வெளிய வர வழிதான் சின்னதா இருக்குதாம்."

அன்றைக்கே தையல்காரி கொத்தனாரைக் கூட்டிவந்தாள். எலித் தொல்லை என்று மட்டும் சொன்னாள். நல்ல மனுஷர், வேலையில் குறை வைக்காதவர். சுற்றிலும் கலவை வைத்து அடைத்தார். பின்மூலையில் தகரம் துருப்பிடித்து இற்றுப்போயிருந்ததால், அதை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டியெடுத்து அந்த இடத்தை மட்டும் திறந்து விட்டார்.

"உள்ள வெச்சு அடைச்சா செத்து நாறும்மா. இன்னிக்கு இதை விட்டுட்டு முன்னால மாவு தூவி வைங்க. காலடி வெளிய மட்டும் போயிருந்தா, நாளைக்கு நீங்களே அடைச்சிடுங்க. அப்புறம் உள்ள நின்னு கதவைச் சாத்திப் பாருங்க. வெளிச்சம் தெரிஞ்சா அங்க ஓட்டைன்னு அர்த்தம்."

காலையில் மாவில் காலடி இருந்தது. ஐந்து விரல். வாலுவின் காலைவிடச் சின்னது.

தையல்காரி குனிந்து தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் வெளியே போயிருந்தது. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. போய்விட்டது, சனியன் போய்விட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை. கடைசித் தடத்தின் விரல்கள் வீட்டுப் பக்கம் பார்த்திருந்தன.

சிமெண்டைக் குழைத்து அந்த மூலையை அவளே அடைத்தாள். நல்ல மத்தியானம். முற்றத்தில் வாலு செருப்பைப் போட்டுக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மனம் குளிர, தையல்காரி உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

இருட்டு. சுற்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. அந்த வியர்வை வாடையும் இல்லை. அப்பாடா.

வெளியே கதவின் கொண்டி விழுந்தது.

கொண்டி வாலுவுக்கு எட்டாது. எம்பினாலும் எட்டாது.

"வாலு?"

"நான்தாம்மா போட்டேன். பாப்பா தூக்கிவிட்டா."

"திற கண்ணு. அம்மா சொல்றேன்ல."

தகரத்துக்கு அந்தப்பக்கம் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம், "பாப்பா வேணாங்கறா."

கதவை இடித்தாள். தோளால் மோதினாள். தகரம் அதிர்ந்தது, கதவு அசையவில்லை. தடவித் தடவிக் கத்தரிக்கோலை எடுத்தாள். பின்மூலை. ஈரச் சிமெண்டு. குத்தினாள். நகம் பெயரப் பறித்தாள். ஒரு கீற்று வெளிச்சம். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

சிவப்புச் செருப்பு. கேட் பக்கம் நடந்துகொண்டிருந்த வாலுவின் கால்கள்.

பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். கணுக்கால்வரை மாவு.

"கண்ணு, போகாதடி. இங்க பாரு. அம்மா இங்க இருக்கேன்டி."

கால்கள் நின்றன. வெறுங்கால்கள் ஓட்டைக்கு அருகில் வந்து மண்டியிட்டன. ஓட்டைக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தள்ளப்பட்டு அவள் கன்னத்தைத் தொட்டது.

பாதி பிஸ்கட். கடித்த இடத்தில் இன்னும் எச்சில் ஈரம். நடுவில் முன்பல் இரண்டும் பதியாத இடம் சிறு மேடாக நின்றது, வாலுவின் கடி.

கேட் கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது. கூடவே, ஓசையில்லாமல், இன்னொரு ஜோடி.