தோமஸ் விட்டுப்போன கமரா

பெரிய வெள்ளி காலை எட்டரை மணிக்கு சார்ஜன்ட் யோகேஸ்வரன் கண்டக்குழிக்கு வந்து சேர்ந்தபோது, களவெடுத்தது யார் என்று ஊர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டிருந்தது. விலங்கு மாட்டுவது ஒன்றுதான் பொலிசுக்கு மிச்சம் என்பதுபோல் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்தப் பார்வை அறவே பிடிக்காது.

காணாமல் போனது ஒரு பழைய கமரா. கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த காலத்துச் சாமான். விடுதி நடத்தும் பிரான்சிஸ்காவின் கணவர் தோமஸுடையது. அவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று வருடமாகிறது. கூடத்துக் கண்ணாடி அலுமாரிக்குள், தோல் துருத்தி முன்னால் நீண்டபடி, கமரா எப்போதும் விரிந்தே இருந்தது. நேற்று மாலை பார்த்தால் இல்லை.

"எவ்வளவு பெரிசு?"

பிரான்சிஸ்கா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "இங்க தங்கியிருக்கிற ஒல்லாந்துக்காரர் நாளைக்கு விடியப் பயணம். அவருக்கு விக்கிறதெண்டு பேசிட்டன். கூரை மாத்தவேணும் சேர்."

"அலுமாரித் திறப்பு?"

"குசினியில தொங்குது. கூட்டித் துடைக்க வாற சுல்பா அந்தத் திறப்பைத் தொடாத நாளில்லை. அன்னம்மா, அந்தோனியார், மாதா, மூண்டுபேரும் பாத்துக்கொண்டிருக்க எடுத்திருக்கிறா."

அவர் காட்டிய உயரத் தட்டைச் சார்ஜன்ட் அண்ணாந்து பார்த்தார். பெரிய கிழமை வழக்கப்படி புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். நடுவில் உயரமாக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, வலது ஓரத்தில் குட்டையாக இன்னொன்று.

குசினி வாசலில் சுல்பா குந்தியிருந்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம். வருகிற வெள்ளி மகள் றிஷ்னாவுக்கு நிக்காஹ்.

"நேத்து ஊர்ப் பொடியன்மார் வந்து எண்ட வீட்டைக் கிண்டிப் பாத்தாங்க சேர். மாப்பிள்ளைட வாப்பா ஜபாருட காதுக்கும் போயிட்டு. விஷயம் தெளியட்டும், பிறகு பாப்பமெண்டுட்டாரு. எண்ட புள்ள சோறு தின்னல்ல."

"கமராவைத் தொட்டிருக்கிறீங்களா?"

"வெளிக் கண்ணாடியைத் துடைப்பன். உள்ளுக்குக் கை வைக்கப் பயம்."

யோகேஸ்வரனுக்கு மனது கனத்தது. ஆனால் இரக்கம் சாட்சியாகாது. திரும்பிப் போய் அலுமாரியைப் பார்த்தார். ஒடுங்கிய கதவு. கமரா இருந்த இடத்துக்கு முன்னால் வரிசையாகச் சங்குகள். ஒன்றுகூட இடம் மாறவில்லை, சுற்றியிருந்த தூசி அப்படியே கிடந்தது.

பிரான்சிஸ்காவின் மகள் அனஸ்தாசியா கறுப்புச் சட்டையோடு கதிரையில் இருந்தாள். பத்தொன்பது வயது.

"தங்கச்சி, இந்தத் துணியை எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்கு இரவுப் பூசைக்குப் பிறகு."

"அதுக்கு முந்தி?"

"ஆரும் தொடமாட்டம்."

"போர்த்தினது ஆர்?"

"மகள்தான்" என்றார் தாய்.

"அப்ப அவவே எடுக்கட்டும். ஓரத்துல நிக்கிற குட்டையானவரை மட்டும். நான் உடப்பு ஊர்ச் சைவக்காரன், எனக்கு உங்கட வழக்கம் தெரியாது. ஆனா நீங்க மூண்டுபேர் எண்டீங்க. அங்க நிக்கிறது நாலு."

பிரான்சிஸ்கா வாயைப் பொத்திக்கொண்டார். அனஸ்தாசியா முக்காலியில் ஏறித் துணியை நீக்கினாள். உள்ளே தோல் பிடி வைத்த, பிஸ்கட் டின்னளவு மரப்பெட்டி.

"எல்லாரும் ரெண்டு கையும் விரிச்ச அகலத்துச் சாமானைத் தேடினீங்க" என்றார் சார்ஜன்ட். "துருத்தி வைச்ச கமரா மடியும். விரிஞ்சபடி எடுத்திருந்தா சங்கெல்லாம் உருண்டிருக்கும். உள்ளுக்கு வைச்சே மடிச்சிருக்கு, பழகின கை. நாளைக்கு இரவு வரைக்கும் துணியை ஆரும் தூக்காயினம், வெள்ளைக்காரர் விடியவே போயிடுவார் எண்டு கணக்குப் போட்டவ அனஸ்தாசியாதான்."

"அப்பாட முகத்தைக் கடைசியா அதிலதான் பாத்தன்" என்றாள் அவள். "அதிண்ட பின் கண்ணாடியில எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். அப்பிடியே நிண்டு சிரிச்சவர். சுல்பாக்காவைச் சொல்லுவினமெண்டு நினைக்கேல்ல. சொன்ன பிறகு வாய் வரேல்ல."

பிரான்சிஸ்கா குசினி வாசலுக்குப் போய் நின்றார். "நான் ஜபார் வீட்டுக்கு வாறன்."

"நாளைக்கு வாங்க" என்றார் சுல்பா. "இண்டைக்கு உங்களுக்குத் துக்க நாள்."

"குற்றமில்லாத ஆளில பழி போட்டது இண்டைக்கு. இண்டைக்கே வரவேணும்."

பதினொரு மணிக்கு, தாயையும் மகளையும் சுல்பாவையும் ஏற்றிய ஜீப் புத்தளத்தில் ஜபார் வீட்டுப் படலையில் நின்றது. ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜபார் தொப்பியோடு வெளியே வந்தார். அக்கம்பக்கமும் வேலியோரம் கூடியது. பிரான்சிஸ்கா தொண்டையைச் செருமுவதற்குள் அனஸ்தாசியா முன்னால் போனாள்.

"சுல்பாக்கா ஒண்டும் எடுக்கேல்ல. கள்ளி நான்தான்."

ஜபார் சுல்பாவைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுது இந்தப் புள்ள?"

சுல்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அனஸ்தாசியாவின் கையைப் பிடித்தார்.

"அதுட வாப்பா கடல்ல மௌத்தாகிட்டாரு. அவருட சாமானைத்தான் ஒளிச்சு வெச்சிச்சு. அதுக்குக் களவெண்டு சொல்லாதீங்க."