அன்னத்தின் கழுத்துச் சங்கிலி

பஞ்சுக் குச்சியில் குளத்து வாடை அடித்தது.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி முகர்ந்தாள். ஓவியத்தைத் துடைக்கும் கரைப்பானின் காரநெடி வர வேண்டிய இடத்தில், பாசி பிடித்த படியும் நனைந்த இறகும் கலந்தாற்போல் ஒரு குளிர்ந்த வாடை. பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை, அதே பாட்டில்தான்.

எதிரே, மேஜை விளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பெரிய ஓவியம் சாய்ந்து நின்றது. கறுத்த ஏரி, நாணல், நடுவே ஒற்றை வெள்ளை அன்னம். அதன் கழுத்திலிருந்து கரையிலிருந்த கட்டைவரை ஓடிய வெள்ளிச் சங்கிலியைக் காலையிலிருந்து கண்ணி கண்ணியாக அழித்துக்கொண்டிருந்தாள். அது வரைந்தவனின் வேலை இல்லை, பின்னால் வேறு எவனோ பூசியது. தொட்டதுமே கரைந்ததே, அது போதாதா? மூல வண்ணம் அவ்வளவு சுலபத்தில் கரையாது. அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே அன்னம்தான். பாலையும் நீரையும் பிரிக்கிற மாதிரி முதல் கையையும் பிந்தைய கையையும் பிரித்துவிடுவாளாம்.

சாயங்காலம் கிளம்பும்போது, சட்டம் அடிக்கிறவர் மட்டும் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சங்கிலியை முழுசா எடுத்துத்தான் ஆகணுமா மேடம்? இந்தப் படத்தைப் பத்திச் சொல்ற கதையில அன்னம் கரையேறினா பொம்பளையாயிடும். அப்புறம் யார் வீட்டுலயாவது பூந்து, அம்மாவா பொண்டாட்டியா உட்கார்ந்துக்கும்."

"எங்க வீட்டுக்கே வரட்டும்ணே. பாத்திரம் தேய்க்க ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களே!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது அந்தத் தளத்தில் அவளும், பக்கத்து அறையில் மகளும்தான். பள்ளி விடுமுறை, குட்டியை விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. கரைப்பான் நெடி பிள்ளைக்கு ஆகாது என்று நடுக்கதவைச் சாத்தி வைத்திருந்தாள். கதவுக்கு அப்பால் கலர் பென்சில்கள் உருளும் சத்தமும், குட்டி தனக்குத்தானே முனகிக்கொள்ளும் பாட்டும் விட்டுவிட்டுக் கேட்டன.

கடைசிக் கண்ணி இருந்த இடத்தை விரலால் தொட்டாள். ஈரம். விரல் நுனியில் திரண்ட சொட்டில் வண்ணமே இல்லை, வெறும் தண்ணீராக இருந்தது. துடைக்கப் பஞ்சு எடுக்கத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் எதுவோ தரையில் இறங்கியது.

ஈரத் துணியைத் தரையில் அறைந்தாற்போல் ஒரு சத்தம். இன்னொன்று. அகலமான, அவசரமில்லாத காலடிகள். அவளைக் கடந்து போயின. அவள் பார்க்கவில்லை. பார்க்கத்தான் நினைத்தாள், கழுத்து திரும்பவில்லை. நடுக்கதவு திறந்து மூடிய காற்று மட்டும் காதில் பட்டது. பென்சில் சத்தம் நின்றது.

"குட்டி!"

குரல் வரவில்லை. தொண்டையிலிருந்து வெறும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

"குட்டிம்மா, வரைஞ்சது போதும், எடுத்து வை." கதவுக்கு அப்பாலிருந்து கேட்டது. அவளுடைய குரல். அவளுடைய அதே இழுப்பு.

"அஞ்சு நிமிஷம்மா!"

கதவை நோக்கி ஓடினாள். கழுத்தில் எதுவோ வெட்டி இழுத்தது. கையைக் கொண்டுபோய்ப் பிடிக்கப் பார்த்தாள். கை வளையவில்லை. விரிந்தது. விரிந்துகொண்டே போனது.

காலடியில் குளிர். முழங்கால்வரை குளிர். மேஜை விளக்கு தூரத்தில் நிலா மாதிரித் தெரிந்தது. அதற்குக் கீழே அவளுடைய நாற்காலி. அவளுடைய பஞ்சுக் குச்சிகள். காலி அறை. நான்கு பக்கமும் தங்கச் சட்டம்.

கதவு திறந்தது.

அவளுடைய முகத்தோடு, அவளுடைய உடையில், ஒருத்தி குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நடை மட்டும் கொஞ்சம் தத்தியது.

"சங்கிலியை அழிச்சிடுவேன்னு சொன்னியேம்மா? அப்படியே இருக்கு!"

"இருக்கட்டும். அது இருந்தாதான் நல்லது."

"இந்த அன்னம் என்னையே பார்க்குதும்மா."

சட்டத்துக்குள்ளிருந்து, சங்கிலி விட்டவரை அவள் கழுத்தை நீட்டினாள். இன்னும் கொஞ்சம். கண்ணிகள் தோலில் இறங்கின. ஓடு. ஓடிடு கண்ணு. அலகு திறந்தது. சத்தமில்லை.

"உன் கை ஏன்மா இப்படி ஜில்லுனு இருக்கு?"

அந்த ஒருத்தி குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்து, அவள் தலைமுடியைத் தன் வாயால் ஒவ்வோர் இழையாகக் கோதிவிட்டாள். குட்டிக்குக் கூச்சம் தாங்கவில்லை. கலகலவென்று சிரித்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

பிறகு தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கி, ஓவியத்தை இன்னொரு முறை பார்த்தாள். அன்னத்தின் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. "அம்மா?" என்றாள், சுமந்திருந்தவளிடம் அல்ல, ஏரியிடம்.

வெள்ளைக் கை ஒன்று அவள் பின்னந்தலையைப் பிடித்துத் தோளோடு அழுத்தியது. இன்னொன்று நீண்டு விளக்கை அணைத்தது.