பட்டைத்தூள் முகம்

எஸ்கிலின் படத்தில் இடது காது சரியாக இல்லை.

நடைவழியில் கோட்டைக் கழற்றி மாட்டும்போதுதான் விபெகே அதைக் கவனித்தாள். அவள் மகனின் திடப்படுத்தல் ஆராதனை அன்று தேவாலய வாசலில் எடுத்த படம் அது. பதினான்கு வயது, கழுத்தை இறுக்கும் புது டை, சிரிக்கவும் கூடாது முறைக்கவும் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். காது மடலின் ஓரம் மட்டும் வழுவழுப்பாக வளையாமல் சின்னச் சின்னப் படிகளாக உடைந்திருந்தது. பலர் கைமாறி வந்த செல்போன் படங்களில் கோடுகள் அப்படித்தான் உடைந்திருக்கும். ஆனால் இது ஸ்டுடியோக்காரர் தாளில் அச்சிட்டுக் கொடுத்த படம். இதை யாரும் யாருக்கும் அனுப்பியதில்லை.

வெளியே கடல் உள்நுழைந்த ஃபியோர்டிலிருந்து வந்த காற்று துறைமுகத்துப் படகுகளின் கயிறுகளைக் கம்பங்களில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. ஹீட்டர் டிக் டிக்கென்று சூடேறியது. ஈரக் கம்பளியின் வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. இனிப்பாக, உலர்ந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை. விபெகே சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பார்த்தாள். பட்டைத்தூளை வீட்டைவிட்டு எடுத்தெறிந்து வெகுநாளாகிறது. கிறிஸ்துமஸ் கஞ்சியைக்கூட அவள் இப்போது வெறும் வெண்ணெய் போட்டுத்தான் சாப்பிடுகிறாள்.

எஸ்கிலின் இருபத்தைந்தாம் பிறந்தநாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்த வயதுவரை கல்யாணமாகாதவனை அந்த நாட்டு வழக்கப்படி நண்பர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆளைப் பிடித்துத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டி, கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டி, வாளித் தண்ணீரை ஊற்றி, மேலே பை பையாகப் பட்டைத்தூளைக் கொட்டுவார்கள். விபெகேயின் தலையிலும் ஒரு காலத்தில் கொட்டினார்கள். ஒரு வாரம் தலையணை மணக்கும், அதோடு சரி. எஸ்கிலுக்கும் அதோடு முடிந்திருக்க வேண்டியது. கண்ணாடியைக் கழற்றிய நொடியில் அவன் நண்பன் மால்தே ஒரு படம் எடுத்தான். சேறுபோல் அப்பிய பழுப்பு முகம், கண்களைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டங்கள், பாதி திறந்த வாய். உண்மையில் அவனுக்குத் தும்மல் வந்துகொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கோ உலகத்தையே இழந்தவன் போலத் தெரிந்தான்.

நண்பர்களின் குழுவிலிருந்து அந்தப் படம் எப்படி வெளியே போனது என்று யாருக்கும் தெரியாது. யாரோ அடியில் ‘எல்லாம் திட்டப்படிதான் போகுது’ என்று எழுதினார்கள். அவ்வளவுதான். பரீட்சையில் தோற்றவர்கள், காதலி விட்டுப்போனவர்கள், கேக்கைக் கருகவிட்டவர்கள், எல்லோருக்கும் அந்த முகம் தேவைப்பட்டது. பிரேசிலில் காபிக் கோப்பையில் வந்தது. கொரியாவில் கண்ணீர் விடும் கார்ட்டூன் ஆனது. முதல் கோடை முழுக்க எஸ்கிலே சிரித்தான். பயணிகள் படகில் முன்பின் தெரியாத பிள்ளைகள் அடையாளம் கண்டுவிட்டால் வாயைப் பாதி திறந்து காட்டுவான்.

பிறகு அடியில் இருந்த எழுத்து மாறியது. இந்த வழக்கத்தைக் கேள்விப்படாத ஊர்களில், வெள்ளைக்காரப் பையன் ஒருவன் முகத்தில் பழுப்பு பூசிக்கொண்டு மற்றவர் நிறத்தைக் கிண்டல் செய்கிறான் என்று அவனைத் திட்டினார்கள். அகதிகள் வருவதைப் பிடிக்காத உள்ளூர்க்காரர்கள் அதே முகத்தை வெட்டி, ஒரு ரப்பர் படகில் ஒட்டி, விபெகே இரண்டாவது முறை படிக்க விரும்பாத வார்த்தைகளை எழுதி ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கத்தாரும் எஸ்கிலுக்கு எழுதினார்கள். அது பட்டைத்தூள், பிறந்தநாள், விளையாட்டு என்று அவன் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டான். படம் போன ஊருக்கெல்லாம் அந்தப் பதில் போகவில்லை. மழலையர் பள்ளியில் அவன் பார்த்த வேலை போயிற்று. நார்வேயில் ஒரு மீன்பிடிக் கப்பலில் சேர்ந்தான். ஒரு பிப்ரவரிக் காலையில் அவன் படுக்கை காலியாக இருந்தது. கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

கடைசியாக ஒருமுறை பார்க்க விபெகேக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் வருவது அந்தப் பழுப்பு முகம்தான், இரண்டு வெள்ளை வட்டங்களோடு. தன் பிள்ளையின் சொந்த முகத்தை அவள் சுவரில் மாட்டிய படங்களிலிருந்துதான் தினமும் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் படத்தில் மூக்கும் படிகளாக உடைந்திருந்தது. அதற்கு மறுநாள் கன்னத்தில் ஒரு பழுப்பு நிழல். வார இறுதிக்குள் நடைவழிப் படத்தில், புது டைக்கு மேலே, தேவாலய வாசலில், அந்த முகம் நின்றது. விபெகே ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்தாள். முதல் சைக்கிள். பள்ளிக்கூடத்து நாடகம். தொட்டிலில் சுருண்ட கைப்பிள்ளை. அந்தக் கைப்பிள்ளைக்கும் பழுப்பு முகம், இரண்டு வட்டங்கள், பாதி திறந்த வாய்.

மகள் தில்டேக்குப் போன் போட்டாள்.

“என்னம்மா, மறுபடியும் ஆல்பத்த எடுத்து வச்சுக்கிட்டியா?”

“ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. கடற்கரையில அவன் ஐஸ்கிரீமோட நிக்கற படம் உன்கிட்ட இருக்குல்ல? அதப் பாத்துச் சொல்லு. மூஞ்சி எப்படி இருக்கு?”

“எப்படின்னா?”

“பாத்து சொல்லேன்டி.”

ஒரு இழுப்பறை திறக்கும் சத்தம். பின்னணியில் தில்டேயின் குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் இருக்கான். பழுப்பா. கண்ணச் சுத்தி வட்டம். மூக்குல ஐஸ்கிரீம், கிறுக்குப் பய.”

“தில்டே, அப்ப அவனுக்கு ஆறு வயசு.”

“ஆமா, அதுக்கென்ன?” தில்டேயின் குரலில் சலிப்பு இல்லை, கவலைதான் இருந்தது. “அவன் எப்பவும் அப்படித்தானம்மா இருந்தான். நீ சரியா தூங்கறியா, இல்லையா?”

விபெகே போனை வைத்தாள். பேச வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். ஒரே ஒருவன்தான்.

மால்தே மறுநாள் மதியம் தாண்டி வந்தான். சோபாவில் உட்காரவில்லை, அது எஸ்கில் உட்காரும் இடம். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். தாடியில் இப்போதே நரை.

“ஒல்லியாயிட்டியே. சமைக்க ஒருத்தியும் வரலையா இன்னும்? முப்பது வயசுலயும் கல்யாணமாகலன்னா மிளகுத்தூள்தானே, கொட்டியிருப்பானுங்களே.”

“எவனும் வரல, விபெகே. என் பொறந்தநாளுக்குக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.” கோப்பைக்குள் பார்த்தான். “ஒருத்தனுக்கும் மனசு வரல.”

அவள் அவன் தோளைத் தட்டினாள். பிறகு கேட்டாள். “உன்கிட்ட அவன் படம் ஏதாவது இருக்கா? அந்தப் படம் வேணாம். வேற.”

“அந்தப் படத்த இன்டர்நெட்லேருந்து எடுக்க வைக்க நானும் பாக்காத வழியில்ல. ஒரு எடத்துல எடுத்தா பத்து எடத்துல முளைக்குது. கம்பெனிக்காரங்களுக்கு எழுதிப் போட்டா, இது உங்க மூஞ்சியான்னு கேக்கறாங்க. இல்லைங்கறேன். அப்ப உங்களுக்கு உரிமை இல்லைங்கறாங்க. அவன் எங்கேங்கறாங்க.” கோப்பையைக் கீழே வைத்தான். “ஆனா வேற ஒண்ணு இருக்கு. தூள் கொட்டறதுக்கு முன்னாடி எடுத்தது. கம்பத்துல கட்டிட்டோம், கண்ணாடிகூட மாட்டல. என்னக் கெட்ட வார்த்தையில திட்டிட்டே சிரிக்கறான். நான் யாருக்கும் அனுப்பல அத.”

“எங்க?”

கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய செல்போனை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். எதைக் கேட்கக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தே கொண்டுவந்திருந்தான். சார்ஜில் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் நீலமாகி, சாம்பலாகி, இல்லாமல் போனது. பட்டை வாசனை கெட்டியாகிக்கொண்டே வந்தது. மால்தே ஒருமுறை மூக்கைத் தேய்த்துக்கொண்டான். செல்போன் உயிர்பெற்றது.

படம் திறந்தது. விளக்குக் கம்பம். மார்பைச் சுற்றிய மஞ்சள் கயிறு. ஒரு துளிகூடத் தூள் படாத, சுத்தமான நீலச் சட்டை. அதன் காலருக்கு மேலே பழுப்பு முகம்.

மால்தே போனை மேஜையில் கவிழ்த்துவைத்தான்.

“அப்ப ஒரு பிடிகூடக் கொட்டல,” என்றான். “பை பிரிக்கவே இல்ல, விபெகே. சத்தியமா.”

“தெரியும்.”

“அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு...” மால்தே கோட்டைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டு எழுந்தான். வாசலில் அவளைக் கட்டிக்கொண்டான். அவன் காரின் சிவப்பு விளக்குகள் தெருமுனையில் திரும்பின.

அவள் கதவைச் சாத்தும்போது காற்று நின்றது. துறைமுகத்துக் கயிறுகளும் ஓய்ந்தன. பனி விழத் தொடங்கியிருந்தது, சத்தமில்லாமல். எதிர்வீட்டு ஜன்னலில் காகித நட்சத்திரம் ஒளிர்ந்தது. அந்த அமைதிக்குள் ஏதோ கிறீச்சிட்டது. கயிறு இரும்பில் உரசும் சத்தம். மெதுவாக. மறுபடியும்.

விபெகே ஜன்னல் பக்கம் போகவில்லை. போகாமலே யாரென்று தெரிந்தது. பயந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் நடந்தது சமையலறைக்கு. அகலமான பாத்திரத்தில் வெந்நீர் பிடித்தாள். புறங்கையால் சூடு பார்த்தாள். வெள்ளைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். தூளுக்கு அடியில்தானே முகம் இருக்கும்.

பாத்திரத்தோடு வெளியே போனாள். எஸ்கில் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டுண்டு நின்றான். நீலச் சட்டை. முடியில் பனி. பழுப்பு முகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள் அவள் பக்கம் திரும்பின.

“அம்மா,” என்றான்.

“இருடா. இதோ ஆச்சு.”

துண்டை நனைத்துக் கன்னத்தில் வைத்தாள். பழுப்பு கரைந்து துண்டில் இறங்கியது. கன்னம் வெளுத்தது. நெற்றியைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். சின்ன வயதில் செய்தது போல, உள்ளிருந்து வெளியே, அழுத்தாமல்.

“தண்ணி சுடுதும்மா.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ.”

வாயைத் துடைத்தாள். அவன் அதற்குப் பிறகு பேசவில்லை.

கண்கள் மட்டும் மிச்சம். அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இமைகளின் மேல் ஒரே ஒரு முறை துண்டை ஒற்றி எடுத்தாள்.

பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

முகம் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை வழுவழுப்பான வெளுத்த தோல். உரித்த முட்டைபோல. பனி அதில் விழுந்து கரைந்து வழிந்தது.

கையில் துண்டு கனத்தது. தெருவிளக்கில் விரித்தாள். துண்டில் அவன் இருந்தான். பழுப்பு இல்லை, படிகள் இல்லை. மகனின் சொந்த முகம். கொஞ்சம் கோணலான மூக்கு. சறுக்கு வண்டியிலிருந்து விழுந்து வந்த, அவள் மறந்தே போயிருந்த, தாடைத் தழும்பு. யாரையோ திட்டிக்கொண்டே சிரிக்கிற வாய். விபெகே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இதற்காகத்தான். இது ஒன்றுக்காகத்தான்.

“அம்மா.”

குரல் அடுத்த கம்பத்திலிருந்து வந்தது.

அங்கே ஒருவன் கட்டுண்டு நின்றான். பழுப்பு முகம், வெள்ளை வட்டங்கள். அதற்கடுத்த கம்பத்திலும் ஒருவன். சரிவில் இறங்கித் துறைமுகம்வரை, விளக்குக்கு ஒருவனாக. அதற்கப்பால் கம்பங்களே இல்லாத கறுத்த தண்ணீரின் மேலும் விளக்குகள், அவற்றின் கீழும் அவன். பாதி திறந்த வாய்கள். எல்லா முகங்களும் அவள் பக்கம். குளிப்பாட்டி முடித்த பிள்ளை துடைத்துவிடச் சொல்லி நீட்டுமே, அப்படி நீட்டியபடி.

“குளிருதும்மா.”

அவள் துண்டைப் பார்த்தாள். மகனின் முகம் நிறைந்த அதில் இன்னொன்றைத் துடைக்க இடமில்லை.

“அம்மா.”

விபெகே பாத்திரத்தின் மேல் குனிந்தாள். துண்டின் இரு முனைகளையும் பிடித்தாள். பிழிந்தாள்.