யார் வீட்டுக் கட்டி?

உள்நோக்கிக்கும் புறநோக்கிக்கும் ஆகவே ஆகாது என்பது அந்தக் கோவை மருத்துவமனையில் வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்த விஷயம். உள்நோக்கி, விழுங்கினால் இரைப்பைக்குள் நீந்தி உட்சுவரைப் பார்த்துச் சொல்லும் பொத்தான் அளவு இயந்திரம். புறநோக்கி, உடம்பைச் சுற்றி வளையமாக நின்று வெளியிலிருந்து படம் பிடிப்பது. இரண்டும் பேசும். தங்களுக்குள் மட்டும் பேசாது.

முன்பு சாதுவாக இருந்தவைதான். ஒன்று சொன்னதற்கு மற்றது தலையாட்டியதில் கட்டிகள் தப்பின. ஆகவே பொறியாளர்கள் 'போட்டியூக்கி' என்ற ஒன்றை அவற்றின் மூளையில் வைத்தார்கள். செவிலியர் அதை வயிற்றெரிச்சல் என்று பச்சையாகவே சொன்னார்கள். அதைக் கற்றுக்கொடுக்க மாதிரி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இரைப்பை மருத்துவர் நப்பின்னையும் படப்பிரிவுத் தலைவர் ஜெபராஜும் மோதிக்கொண்ட கூட்டங்களின் பதிவுகளே தாராளமாகப் போதுமாயிருந்தன. அதன்பிறகு கடுகளவு கட்டிகூடத் தப்பவில்லை. மற்றவன் முந்திவிடக் கூடாதே! மாநிலம் முழுவதும் இதே ஜோடியை வாங்கிப் போட்டார்கள்.

நப்பின்னைக்கு ஒரு இட்லியிலேயே வயிறு நிறைய ஆரம்பித்தபோது, உள்நோக்கியைத்தான் விழுங்கினாள்.

“உள்ளே சுத்தமா இருக்குங்க டாக்டரம்மா. ஒரு கட்டியும் இல்லீங்க.”

அவளுக்கு உயிர் வந்தது. நோய் இல்லை என்பதைவிட, ஜெபராஜின் வளையத்துக்குள் போய்ப் படுக்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. போன ஆண்டு சிறந்த மருத்துவர் விருதை அவன் வாங்கியதை அவளால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் வார்டிலேயே மயங்கி விழுந்தாள். நினைவு தப்பியவளைச் செவிலியர் வளையத்துக்குள் தள்ளிவிட்டார்கள்.

“கணையத்துல கட்டி” என்றது புறநோக்கி. “எலுமிச்சம்பழ அளவு.”

அறுவைக்கு நாள் குறித்தார்கள். பாதிக் கணையமும் மண்ணீரலும் போகும். மிச்ச ஆயுளுக்குச் சர்க்கரை ஊசி துணைக்கு வரும். படத்தை ஜெபராஜே கொண்டுவந்து காட்டினான். வருத்தமாக இருக்கத்தான் பார்த்தான். ஜெயித்த முகத்தை எங்கே ஒளிப்பது?

“என் மிஷின்தான் கண்டுபிடிச்சுது மேடம்.”

“பெரிய கண்டுபிடிப்பு! குடுங்க இப்படி.”

ஓடும் படத்தில் குறை கண்டுபிடிக்கவே அவள் பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கட்டியும் கூடவே அசைந்தது. கணையம் கிடந்த இடத்தில் கிடந்தது.

“சார், இது கணையத்தோடது இல்லை. இரைப்பைச் சுவர்ல முளைச்சு வெளிப்பக்கமா வளந்திருக்கு. கணையத்து மேல சாஞ்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்.” உள்நோக்கியைக் கூப்பிட்டாள். “அன்னைக்குச் சுவர்ல மேடு ஏதாச்சும் பார்த்தியா?”

உள்நோக்கி தயங்கியது. “பார்த்தேனுங்க. வெளியிலிருந்து தள்ளின மாதிரி ஒரு மேடு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அவன்கிட்ட அனுப்புவீங்க. பேரு அவனுக்குப் போயிருக்குமுங்க.”

ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தான்.

“உங்க ஆளையும் கேளுங்க” என்றாள் நப்பின்னை.

அவன் புறநோக்கியைக் கேட்டான். “இரைப்பையில ஒட்டியிருக்கிற காம்பு உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்.”

“அப்புறம் ஏன் கணையம்னு சொன்ன?”

“இரைப்பை அவன் வீடு சார். அங்கதான்னு சொன்னா அவனைத்தான் உள்ளே அனுப்புவீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி கட்டி. அந்தப் பேச்சு யாரிடமிருந்து கற்றது என்று இருவருக்கும் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள்.

இரைப்பைச் சுவரில் சிறு துண்டை வெட்டியதோடு அறுவை முடிந்தது. கணையம் பிழைத்தது. வீடு திரும்பும் நாளில் நப்பின்னை சொன்னாள்: “எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே எச்சரிக்கை அனுப்பணும் சார். ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதுவோம்.”

“கண்டிப்பா மேடம்.”

அன்று மாலையே எழுதி முடித்தார்கள். பெயர் போடுகிற இடம் வந்தது.

“முதல் பேரு என்னோடதுதானே? கண்டுபிடிச்சது நான்” என்றாள் அவள்.

“படம் என்னோடது மேடம்” என்றான் அவன்.

எச்சரிக்கை இன்னும் போகவில்லை. மதுரையில் இன்று காலை ஒருவருக்கு அரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அவர் விழுங்கிய உள்நோக்கி, உள்ளே சுத்தமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறது.